உன் மச்சானின் சோடாப் போத்தல்கள்

கல்முனை,
திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்புத் தம்பி ஜுனைட் அறிய, உன் ராத்தா ஆகிலா நிறைந்த மனவெக்கையோடு கட்டாருக்கு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் என் மகள், உன் மருமகள் ஸம்றாவும் சுகம். உன் மச்சான் ஸஹீதும் சுகம்தான். அவர் சுகமாக இருக்கிறதுதான் இந்த வீட்டைப் பிடித்திருக்கிற வருத்தம். உன்னுடைய சுகத்துக்கும் உன் தொழிலின் பரக்கத்துக்கும் தொழுகைக்குத் தொழுகை துஆச் செய்கிறேன். ஆனால் இந்தக் கிழமை துஆவில் பாதி உன் மச்சானுக்குப் புத்தி வரவேண்டும் என்பதிலேயே முடிந்துபோகிறது, கோபிக்காதே.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், ராத்தாவுக்கு வட்ஸ்அப் இல்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது. அதில் நான் எது எழுதினாலும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். விலைவாசியைச் சொன்னாலும் கட்டைவிரல், மௌத்துச் செய்தி போட்டாலும் கட்டைவிரல். குரல் பதிந்து அனுப்பலாம் என்றால் உன் மச்சான் பக்கத்துக் கதிரையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். அதனால்தான் நம்முடைய ஒழுங்கையிலிருந்து லீவு முடிந்து நாளை இரவு அங்கே திரும்புகிற ஆளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். விஷயம் ஒன்றுதான். ஸம்றாவின் கலியாணம் முறிகிற நிலைமையில் நிற்கிறது. அதைக் காப்பாற்ற நீ உன் மச்சானுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். என்ன பொய் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் 'சரி ராத்தா' என்று மீதியை வாசிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இதெல்லாம் தொடங்கியது உன்னால். போன நோன்புக்கு முன்னர் அங்கே ஏதோ பெரிய ஹோட்டலில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்த பச்சைப் போத்தல் ஒன்றைப் படம் பிடித்துக் குடும்பக் குழுமத்தில் போட்டாய். அதற்குக் கீழே, "மச்சான், இது நூற்றைம்பது வருஷத்துச் சோடாப் போத்தலாம், நம்மட குளத்துப் பங்களாப் பக்கம் இப்பிடி எத்தின கிடந்திரிக்கும்" என்று எழுதினாய். நீ சும்மா ஒரு கதைக்கு எழுதினாய். உன் மச்சான் எதையும் சும்மா வாசிக்கிற ஆளில்லை. காலமெல்லாம் நீர்ப்பாசன வேலையில் மதகைத் திறந்து பூட்டின மனிசன், ஓய்வு பெற்ற பிறகு திறக்கப் பூட்ட ஒன்றும் இல்லாமல் என் குசினிக் குழாயைத் திறந்து பூட்டி வாஷரைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், அன்றைக்கே மண்வெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வரிப்பத்தான்சேனைக்கு அங்கால, பற்றைக்குள்ளே, குளம் திருத்த வந்த வெள்ளைக்கார எஞ்சினியர்மார் தங்கின பங்களா ஒன்றின் அத்திவாரம் கிடக்கிறதாம். அந்தத் துரைமார் வெயில் தாங்காமல் சோடாவாகக் குடித்து வெறும் போத்தலைப் பின்பக்கக் கிடங்கில் எறிந்தார்களாம். அவர்கள் எறிந்தது குப்பை. எறிந்தவனுக்கும் அது குப்பை, அதற்குப் பிறகு வந்த நாலு தலைமுறைக்கும் அது குப்பை. நம்முடைய மச்சானுக்கு மட்டும் அது புதையல்.

முதல் போத்தலைக் கொண்டுவந்த அன்று அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஸம்றா பிறந்த அன்றுகூட அவ்வளவு வெளிச்சமில்லை. தடித்த பச்சைக் கண்ணாடி, உள்ளே காற்றுக் குமிழ், மேலே ஏதோ கொம்பனியின் இங்கிலீசுப் பேர் தொட்டால் விரலில் தட்டுப்படுகிற மாதிரி மேடாக எழும்பி நிற்கிறது. அடி மட்டும் முட்டை மாதிரிக் கூம்பி இருந்தது. மேசையில் வைத்தேன், படுத்துவிட்டது. நிமிர்த்தினேன், திரும்பவும் படுத்துவிட்டது.

"இது என்ன, பழுதான சாமானா? நிக்குதில்லையே" என்று கேட்டேன்.

"நிக்கப்படாது எண்டுதான் அப்பிடிச் செஞ்சிரிக்கான், புள்ள. படுக்க வெச்சாத்தான் தக்கை நனைஞ்சிரிக்கும். தக்கை காஞ்சா சுருங்கி, சோடாட காத்துப் போயிரும்" என்றார்.

"அப்ப சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கும் ஒரு காரணம் வெச்சிரிக்கி. உங்களுக்கு ஏத்த போத்தல்தான்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கே அதை எடுத்துக் கடலில் எறிந்திருக்க வேண்டும். எறியாமல் விட்டது என் பிழை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் எழுதினால் இந்தக் கொப்பி போதாது. கழுத்துக்குள்ளே கண்ணாடிப் போளை உருளுகிற சோடாப் போத்தல், பட்டை போட்ட மினரல் தண்ணிப் போத்தல், வாய் உடைந்தது, தோள் உடைந்தது, அடி மட்டும் மிஞ்சினது. உடைந்ததை ஏன் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டால், "எழுத்து நல்லா இரிக்கி புள்ள" என்கிறார். பத்தாம் வகுப்பில் இங்கிலீசில் கோட்டை விட்ட மனிசனுக்கு இப்போது கண்ணாடியில் எழுதினால்தான் இங்கிலீசு ருசிக்கிறது. என் ஷோகேசில் இருந்த தேத்தண்ணிச் செட்டுகளைக் காட்போட் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் துரைமாரின் எச்சில் போத்தலை வரிசையாக அடுக்கியிருக்கிறார். கழுவுகிற வேலை இருக்கிறதே, அது தனிக் கதை. மண் போக மணல் போட்டுக் குலுக்க வேண்டுமாம். கறை போகப் பழப்புளி தடவ வேண்டுமாம். உள்ளே வெள்ளையாகப் பிடித்திருக்கிற உப்புப் போக ராவிரவாக வினாகிரிக் காடியில் ஊறவைக்க வேண்டுமாம். கந்தூரிச் சோறு ஆக்க ஊருக்கெல்லாம் இரவல் கொடுக்கிற என் பெரிய தேக்சாவில் வினாகிரியை ஊற்றிப் போத்தல்களை முக்கி வைத்திருந்தார். மூடியைத் திறந்த நான் அலறின அலறலில் கோழி கூரையில் ஏறிவிட்டது. மேடாக எழும்பிய எழுத்தின் இடுக்கில் அழுக்கெடுக்க ஒரு பல்துலக்கி வைத்திருந்தார். நிறம் நீலம். என்னுடையதும் நீலம். நான் என்னுடையதைத் தேடப் போனேன், அங்கே இல்லை. இதற்கு மேலே நான் எழுத விரும்பவில்லை.

இவருக்கு ஒரு கூட்டாளி வேறு. வினாயகபுரத்து வினோஜ் என்று ஒரு கரவலைக்காரர், கடற்கரையில் ஓலைக் கொட்டிலாக மீன் வாடி வைத்திருக்கிறார். வலையில் போத்தல் பட்டால் மீனை விற்று முடிக்கமுன் நம்முடைய கேற்றில் வந்து நிற்பார். நல்ல மனிசன், குறை சொல்லமாட்டேன், வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார், சூடை மீனோ கீரி மீனோ இருக்கும். ஆனால் கொண்டுவருகிற போத்தலில் பாதி போன வருஷத்துப் போத்தல். ஒருநாள் பாசி பிடித்த ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "சேர், இது கட்டாயம் வெள்ளைக்காரன் குடிச்சது" என்றார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். நம்முடைய சந்திக் கடையில் விற்கிற நெக்டோ சோடாப் போத்தல்.

"வெள்ளைக்காரன் குடிக்கல்ல தம்பி, ஸம்றா பெருநாளைக்குக் குடிச்சது" என்று சொன்னேன். உன் மச்சான் என்னைப் பார்த்து, "ஆகிலா, நீயும் இப்ப அடையாளம் கண்டுபிடிக்கிற" என்றார், மெச்சினாராம். இவருடைய மெச்சல் யாருக்கு வேணும்?

சரி, வீட்டுக்குள்ளே கிடக்கிற பைத்தியம் வீட்டோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊர் பார்க்கிறது. ஊர் என்ன பார்க்கிறது? ஓய்வு பெற்ற ஒரு மனிசன் காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் குந்தி, போத்தல் போத்தலாகக் கழுவி, ஒவ்வொன்றையும் வாய்க்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். உள்ளே தூசி இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அது இவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மதிலுக்கு அந்தப் பக்கத்துக்குத் தெரியுமா? பள்ளிவாசல் நிருவாகத்து ஹாஜியார் ஒருவர் நாசூக்காக வந்து கதிரையில் இருந்து, பிளேன்டி குடித்து, மழையைப் பற்றியும் வேளாண்மையைப் பற்றியும் கதைத்து, கடைசியாக ஷோகேசைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். இவர் உடனே துள்ளி எழும்பி விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். "இது ஒண்டும் ஹறாமான சாமானில்ல ஹாஜியார், எல்லாம் சோடா. துரைமார் குடிச்ச சோடா."

"சோடா எண்டு விளங்குது" என்றார் ஹாஜியார். "அந்தச் சோடாவை என்னத்தோட கலந்து குடிச்சாங்க எண்டும் சொல்லுங்களன்."

உன் மச்சான் ஷோகேசுக் கதவைச் சாத்தினார். ஹாஜியார் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் எத்தனை வீட்டில் நின்றுவிட்டுப் போனாரோ, நான் அறியேன்.

இப்போது கலியாண விஷயத்துக்கு வருகிறேன். மாவடிப்பள்ளியில் நல்ல குடும்பம், வயல் இருக்கிறது, மாப்பிள்ளை பர்ஹான் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவர், அதிகம் கதைக்காத பொடியன். ஸம்றாவுக்கும் விருப்பம். கேட்டேன், 'ம்' என்றாள். அவள் 'ம்' என்றால் அது மற்றப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் கதைக்கிறதுக்குச் சமம். நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருக்கிறவர் என்பதால் அவர்கள் வந்து வீடு பார்க்க வேண்டும், உனக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, நீயும் பஸ்மினாவின் வீட்டுக்குப் போய்க் குந்தினவன்தான். அவர்கள் வருகிற அன்றைக்குப் போத்தல்களை உன் வீட்டில் வைக்கலாமா என்று உன் பெண்சாதியிடம் கேட்டேன். "மதினி, எங்கட வீட்டுல சின்னப் புள்ளைகள் இரிக்கே" என்றாள். போத்தல் கடிக்கும் என்று நினைத்தாள் போல. வேறு வழியில்லாமல் ஷோகேசைக் காலி பண்ணி, எல்லாவற்றையும் ஸம்றாவின் அறையில், புதுசாக வாங்கின கட்டிலுக்குக் கீழே தள்ளி, தரை தொடுகிற மாதிரி விரிப்பைத் தொங்கவிட்டேன். அங்கேதான் நான் மோசம் போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஆம்பிளைகள் விறாந்தையில். மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பு இரண்டு பொம்பிளைகளோடு உள்ளே. அந்த மனுஷி வீடு பார்க்கிறதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், ஜன்னல் கொளுக்கியை இழுத்துப் பார்த்தாள். மகன் படுக்கப் போகிற கட்டில் உறுதியா என்று பார்க்க வேண்டுமாம், தொப்பென்று அதில் குந்தினாள். ஆளும் நல்ல கட்டுமஸ்தான ஆள். கட்டில் ஒரு முனகல் முனகிப் பக்கத்துக்கு நகர்ந்தது. நம்முடைய வீடு சுனாமிக்குப் பிறகு அதே வளவில் அவசரத்தில் திரும்பக் கட்டினதுதானே, தளம் வாசல் பக்கம் கொஞ்சம் சரிவு. கூட்டிக் கழுவ வசதி என்று இத்தனை வருஷம் நானே பெருமை பேசின சரிவு. விரிப்புக்குக் கீழே இருந்து முதலாவது போத்தல் வந்தது. நிற்கத் தெரியாத போத்தல், உருள மட்டும் என்ன அழகாகத் தெரிந்திருக்கிறது! அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, மாபிள் தரையில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு, திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு, விறாந்தைக்குப் போய், மாப்பிள்ளையின் வாப்பாவுடைய காலடியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

யா அல்லாஹ், அப்போதாவது உன் மச்சான் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? "கவனம்! கவனம்! மிதிச்சிராதீங்க! அது ஆயிரத்து எண்ணூத்தி எழுபதுகள்ள உள்ளது!" என்று கத்திக்கொண்டு சம்மந்திமாரின் காலுக்கு நடுவே முழங்காலில் தவழ்ந்தார்.

ஸைனம்பு எழும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள். "மாப்புள குடிக்கிறவரா எண்டுதான் எல்லாரும் விசாரிப்பாங்க" என்றாள். "மாமனார் குடிக்கிறவரா எண்டும் விசாரிக்கணும் எண்டு எங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே."

"இதுல ஒரு சொட்டும் இரிந்ததில்ல மச்சி, சோடாதான். நம்பிக்கையில்லாட்டி மணந்து பாருங்க" என்று இவர் ஸைனம்புக்குச் சொல்லிக்கொண்டே ஒரு போத்தலை எடுத்து மாப்பிள்ளையின் வாப்பாவுடைய மூக்குக்குக் கீழே நீட்டினார். அவர் மணந்தார். முகம் கோணிப்போச்சு. அன்றைக்குக் காலையில்தான் வினாகிரியிலிருந்து எடுத்த போத்தல் அது, சுள்ளென்று புளித்த மணம். போத்தல் கைக்குக் கை போனது. மணந்தவர்கள் எல்லாரும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்கள். தம்பி, அந்த விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் தொழுகையாளிகள். சாராயம் எப்படி மணக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தர் இருந்திருந்தாலும், 'இது அந்த மணமில்லை' என்று அந்தச் சபையில் எப்படி வாய் திறப்பார்? மாப்பிள்ளைப் பொடியன்கூட மணந்து பார்த்துவிட்டு, ஏதோ சொல்லப் போய், உம்மாவுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். நான் 'வினாகிரி, வினாகிரி' என்று சொல்லச் சொல்ல ஒருத்தரும் கேட்கவில்லை. அப்போதுதான் உன் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. மார்பில் கையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"என்ன மனுசர் நீங்க? சாராயம் இப்பிடியா மணக்கும்?"

எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பிச்சு. முப்பத்திரண்டு வருஷம் இவரோடு குடும்பம் நடத்தின நானும் திரும்பித்தான் பார்த்தேன். பிறகு சொல்கிறார், மதகு வேலையில் சிங்களப் பக்கத்துக் கூலியாட்கள் குடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றதால் மணம் தெரியுமாம். அதை அங்கே சொல்ல வாய் வந்ததா? இல்லை. வந்தவர்கள் வட்டிலப்பத்தைத் தொடாமல் போனார்கள். ஒரு சட்டி வட்டிலப்பம், தம்பி, நல்ல கித்துள் பாணியில் செய்தது.

தரகர் வந்து முடிவைச் சொன்னார். இரண்டு நிபந்தனை. வீடு பெண்ணின் பேருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும், அது எப்போதும் உள்ளதுதான். அடுத்தது, அந்த வீட்டு வளவுக்குள்ளே ஒரு போத்தல்கூட இருக்கப்படாது. இரண்டும் முடிந்தால் வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வருவார்கள்; இல்லாவிட்டால் ஸலாம். முதலாவதை நான் இன்றைக்குக் காலையில் முடித்துவிட்டேன். நொத்தாரிசுவிடம் போய் வீட்டை ஸம்றாவின் பேருக்கு எழுதிக் கையெழுத்து வைத்தாயிற்று. என் உம்மா எனக்குத் தந்த வீடு, நான் என் மகளுக்குத் தந்தேன். எழுதினால் என்ன, பேர் மட்டும்தானே மாறுகிறது, இந்த வீட்டில் சொல்லு என் சொல்லுதான்.

இரண்டாவதுதான் முடியவில்லை. உன் மச்சானிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், வழக்கம்போல முடிந்திருக்கும். அவர் துவாயால் ஒரு போத்தலைத் துடைத்துக்கொண்டே, "புள்ளட காரியம் நல்லா நடக்கட்டும். வினோஜ்ட வாடியில இடமிரிக்கி, போத்தலை அங்க கொண்டு போறன். நானும் அங்கயே இரிந்துக்கிறன். நிக்காஹ் அண்டைக்கு வாப்பா எண்ட முறையில வலியா வந்து மாப்புளட கையப் பிடிச்சுக் குடுத்திட்டுப் போறன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடுக்கிற சாரன் இரண்டை மடித்துப் பையில் வைத்திருக்கிறார், நான் பார்த்தேன். மனிசனைப் போத்தலுக்காகப் பெண்சாதி துரத்திவிட்டாள் என்று ஊர் சொல்லும். ஊரை விடு. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இவ்வளவு ஏச்சு ஏசியும் ஒருநாளும் பையில் சாரன் மடிக்காத மனிசன் அவர்.

அதனால்தான் பொய். நீ சொன்னால் அவர் நம்புவார், நீ சொன்னதால்தானே தொடங்கினார். 'அந்த ஹோட்டல்காரனிடம் கேட்டேன் மச்சான், இந்த மாதிரிப் போத்தலை இப்போது பக்டரியில் புதுசாக அச்சுப் போட்டு, எழுத்தையும் மேடாக வைத்து, மண்ணில் புதைத்து எடுத்து ஆட்களை ஏமாற்றுகிறார்களாம், உங்களிடம் இருக்கிறதும் அதுதான், ஒன்றுக்கும் உதவாது' என்று எழுது. உருக்கமாக எழுது. அவராக எறிந்தால் வீட்டில் இருப்பார். நான் எறிந்தால் போய்விடுவார். வியாழனுக்குள் அவருடைய போனுக்கு வர வேண்டும். அது பிந்திவிடுமோ என்ற பயத்தில் நாளைக்குக் காலையில் பழைய இரும்பு எடுக்கிற ஆளை ஓட்டோவோடு வரச் சொல்லியும் வைத்திருக்கிறேன், ஒன்று சரிவராவிட்டால் மற்றது.

பஸ்மினாவும் பிள்ளைகளும் சுகம், அவள் சொல்லாததை நான் சொல்கிறேன், உன் மூத்தவன் கணக்கில் மோசம். வெயிலில் திரியாதே. அல்லாஹ் உன்னை நோய் நொடியிலிருந்தும், கடன்காரரிடமிருந்தும், கண்ணாடிச் சாமான் சேர்க்கிற ஆசையிலிருந்தும் காப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் ராத்தா ஆகிலா

பி.கு.: செவ்வாய்க்கிழமை. ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதினது எல்லாவற்றையும் மறந்துவிடு. பொய்யும் எழுதாதே, மெய்யும் எழுதாதே, உன் மச்சானுக்கு ஒன்றும் எழுதாதே.

காலையில் இரும்புக்காரன் ஓட்டோவோடு வந்தான். நான் முதல் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனேன். ஸம்றா கேற்றில் வந்து நின்றாள். தலை சீவாமல், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

"உம்மா, இது யார்ர வீடு?"

"இதென்ன கேள்வி? நேத்துத்தானே எழுதின. உன்ட வீடு."

"அப்ப பெட்டியைக் கீழ வைங்க. வாப்பாட போத்தல் என்ட வீட்டுல இரிக்கும். வாப்பாவும் இரிப்பாரு." இரும்புக்காரனைப் பார்த்து, அண்ணன் முறை வைத்து, "நானா, நீங்க போங்க" என்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிறகு என் முன்னாலேயே பர்ஹானுக்குப் போன் எடுத்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பொடியன் சொல்கிறான், "எனக்கு அது வினாகிரி எண்டு மணந்த உடனே விளங்கின. ஆஸ்பத்திரியில ஸ்பிரிட் மணத்துக்குள்ளதானே நாள் முழுக்க நிக்கிறன். உம்மாக்கு முன்னால சொல்ல ஏலாமப் போச்சு." அதற்கு இவள், "இப்ப உங்கட உம்மாக்கு முன்னால போய் நிண்டு சொல்லுங்க. சொல்ல ஏலும் எண்டா வெள்ளிக்கிழமை வாங்க. ஏலாட்டி என்ட வீட்டுக்கு வந்து என்ன செய்யப் போறீங்க?" என்றாள். கலியாணம் முறிந்தது என்று கதிரையில் குந்திவிட்டேன். பகலுக்குள் ஸைனம்புவே போன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். அன்றைக்கு வட்டிலப்பம் தின்னவில்லையே என்று அவளுடைய மனிசன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

என் மகள்தான், சந்தேகமில்லை. அவள் கேற்றில் நின்று கதைத்தபோது என் குரலையே நான் கேட்டேன். பெருமையாக இருந்தது, ஒரு கொஞ்ச நேரம். பிறகு அவள் வீட்டைச் சுற்றி நடந்து சட்டம் போடத் தொடங்கினாள். ஷோகேஸ் வாப்பாவுக்கு. என் தேத்தண்ணிச் செட் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு. நானும் உன் மச்சானும் அந்த அறைக்கு. குசினியை உடைத்துப் புது மாதிரி பென்ட்ரி போடப் போகிறாளாம். நான் எங்கே ஆக்குவது என்று கேட்டால், "நீங்க ஏன் உம்மா ஆக்கணும், நான் ஆக்கித் தாறன், ஆறுதலா இரிங்க" என்கிறாள். ஆறுதலா இருக்கவா நான் பிறந்தேன்? நீ அவளுடைய மாமா. உன் சொல்லை மதிப்பாள். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் இருக்கிற வரைக்கும் அந்தக் குசினியை மட்டும் என்னிடம் விட்டுவிடச் சொல்லு.

உன் மச்சானிடமும் சொல்லிப் பார்த்தேன், மகளிடம் ஒரு சொல் கதைக்கச் சொல்லி. அவர் பையிலிருந்து சாரனை எடுத்துத் திரும்ப அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். நக்கலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்.

"கலியாணம் முடிச்சு வந்த நாள் தொட்டு நான் அடுத்த ஆள்ர வீட்டுலதான் இரிக்கன், புள்ள. கொஞ்ச நாளையில பழகிரும்."